ஆறாவது நம்பிக்கை, ஐந்தாவது கேள்வி

“நல்லாத்தானே தம்பி இருந்தாங்க. முந்தாநாள் ராத்திரிகூட வீடியோவுல பேசுனாங்க. ஏன் தம்பி இப்படி ஆச்சு?”

தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து அந்த அக்கா கேட்டார். நான் ரியாத்தின் பத்தாவில் எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “விதி அக்கா. நம்ம கையில என்ன இருக்கு” என்றேன். மறுமுனையில் அழுகை நின்றுவிட்டது. ஆறுதல் கிடைத்துவிட்டது என்று அப்போது நினைத்தேன். அவர் அடுத்துக் கேட்க இருந்ததை எல்லாம் என் ஒற்றைச் சொல் தடுத்துவிட்டது என்பது எனக்கு உறைக்க ஐந்தாறு வாரம் ஆயிற்று.

அது 2023 ஆகஸ்ட். அப்போது நான் தொலைநிலைக் கல்வியில் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் இளையான்குடி. அங்கேயே பி.காம். முடித்து, 2009இல் ரியாத் வந்தேன். மின்சாரச் சாமான் மொத்தக் கடையில் ஸ்டோர் கீப்பர். முப்பத்தெட்டு வயதில் இதழியல் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பத்தாவில் நான் நெடுநாளாக மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன். சம்பளம் வராதவர், கஃபீல், அதாவது பொறுப்பு முதலாளி, ‘ஹுரூப்’ (ஓடிப்போனவர் என்ற புகார்) போட்டுவிட்டவர், இகாமா என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்காமல் மாட்டிக்கொண்டவர், எல்லாரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு தேடி வருவார்கள். தூதரகத்துக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று என்று எழுதுவேன். மலையாளிகளுக்கு 1999 முதல் ஜித்தாவிலிருந்து ‘மலையாளம் நியூஸ்’ என்று ஒரு நாளேடே வந்தது. உருது பேசுகிறவர்களுக்கு ‘உருது நியூஸ்’ அதற்கும் முன்பே இருந்தது. தமிழர்களான எங்கள் செய்தி வாய்வழியாகத்தான் போனது. கடலுக்கு அந்தப் பக்கம் கண்டியில் சித்தி லெப்பை 1882இலேயே ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் இதழை நடத்தியிருக்கிறார் என்று படித்தபோது, நூற்றைம்பது ஆண்டு நெருங்கியும் ஒரு பத்தியை ஒழுங்காக எழுதத் தெரியாமல் இருக்கிறோமே என்று பட்டது. அதற்காகத்தான் சேர்ந்தேன்.

பத்தாவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரியாத்தின் பழைய நடுப்பகுதி. மஸ்மக் கோட்டைக்கு நடந்து போய்விடலாம். இன்று மெட்ரோவின் நீலத் தடத்தில் பத்தா என்றே ஒரு நிலையம் உண்டு. வெள்ளி மாலையில் நகரத்தின் ஓரங்களிலிருக்கும் கேம்புகளிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். வங்காளிகளுக்கு ஒரு சந்து, நேபாளிகளுக்கு ஒரு முனை, கேரளா மார்க்கெட்டில் கப்பையும் மத்தியும். காய்கறிப் பையோடு நின்றபடியே ஊர்க்கதை பேசிவிட்டு, கடைசிப் பேருந்து பிடித்துத் திரும்பிவிடுவார்கள். அரபியில் ‘பத்ஹா’ என்றால் மணலும் கூழாங்கல்லும் பரந்த ஓடைப்படுகை. இன்று வண்டி ஓடும் சாலைக்கு அடியில் ஒரு காலத்தில் மழை பெய்தால் நீர் ஓடிய வாதி இருந்தது. அந்தப் பெயரின் பொருள் பிறகு எனக்கு உதவிற்று.

இறந்தவர், அந்த அக்காவின் கணவர், எங்கள் அறைக்காரர் இல்லை. இரண்டு தளம் கீழே இருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. சுலை பக்கத்தில் ஒரு முஸ்தவ்தாவில், அதாவது கோடவுனில், சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. ஒருநாள் மாலை வேலையிலேயே தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறார். ஓரம்போய்ப் படுத்துக்கொள் என்றிருக்கிறார்கள். அறைக்கு வந்தவர் சாப்பிடாமல் படுத்தார். சுபுஹு நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலைகள் வரிசையாக நடந்தன. போலீஸ் வந்தது. உடல் ஷிமேசி மருத்துவமனைப் பிணவறைக்குப் போயிற்று. வீட்டிலிருந்து அதிகாரக் கடிதம், தூதரகத்தின் தடையின்மைச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, உடலைப் பதப்படுத்துதல், விமானச் சரக்குச் சீட்டு. இறந்தவருக்கும் ‘எக்ஸிட்’ அடித்தால்தான் உடல் நாட்டைவிட்டு வெளியேறும். அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் கம்பெனி மந்தூபோடு நானும் அலைந்தேன். பெட்டி திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தது. காகிதத்தில் இயற்கை மரணம், இதயம் நின்றுவிட்டது என்று இருந்தது. அதைத்தான் நான் அக்காவுக்கு ‘விதி’ என்று மொழிபெயர்த்திருந்தேன்.

அன்றிரவு எங்கள் அறையில் ஹாஜியார் சொன்னார்: “அவரோட தண்ணியும் தானியமும் இங்க முடிஞ்சிருச்சு. ஏன் எதுக்குன்னு தோண்டாதீங்க தம்பி. தக்தீர்ல கை வைக்கிற வேலை அது.”

ஹாஜியாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1983இல் வந்தவர். எங்கள் அறையில் தொழுகைக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். 1991இல் அவருடைய ஏழு வயது மகன் ஊரில் ஊருணியில் மூழ்கிப் போனான். தந்தி அவர் கையில் கிடைத்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ‘நான் ஊரிலிருந்திருந்தால்’ என்ற ஒரு வாக்கியத்தை அவர் முப்பது வருடமாகத் தன்னைச் சொல்லவிடாமல் வைத்திருக்கிறார். தக்தீர், அதாவது இறைவிதி, என்ற நம்பிக்கைதான் அவரை நிற்க வைத்திருக்கிறது. அந்த மனிதரிடம் போய், உங்கள் நம்பிக்கை சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு நா எழாது. சொல்வதும் பொய்.

ஓதப்பள்ளியில் எனக்கு முதலில் மனப்பாடமானது ஈமானின் ஆறு காரியங்கள். அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், நபிமார்கள், இறுதி நாள், ஆறாவதாக நன்மை தீமை யாவும் அவன் ஏற்பாட்டின்படி என்பது. ஹஜ்ரத் விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக் கொடுப்பார். முதுகலைப் பாடத்தின் மூன்றாம் அலகிலும் ஓர் ஆறு இருந்தது. என்ன, யார், எங்கே, எப்போது, ஏன், எப்படி. நல்ல செய்தி இந்த ஆறுக்கும் விடை சொல்ல வேண்டும். ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, வளைகுடாவில் இறக்கும் தொழிலாளர்களைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன என்பது. சேர்த்துவைத்த நறுக்குகளை ஒவ்வொன்றாக அந்த ஆறில் வைத்துப் பார்த்தேன். யார் இருந்தது. எங்கே, எப்போது இருந்தன. ஊர், மனைவி, பிள்ளைகள், உடலைக் கொண்டுவரக் கோரிக்கை, எல்லாம் இருந்தன. ‘ஏன்’ வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல்: மாரடைப்பு.

சாகிற ஒவ்வொருவருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். நின்றது என்று எழுதுவது, எப்படி முடிந்தது என்று சொல்வது. எதனால் என்று சொல்வது ஆகாது. இதயம் நின்றது, மூச்சு நின்றது போன்றவற்றைக் காரணமாகப் பதியக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் இறப்புச் சான்றிதழ் வழிகாட்டலும் சொல்கிறது. அது வெறும் சொல் பிரச்சினையும் இல்லை. இங்கே ‘கோசி’ என்று அழைக்கப்படும் சமூகக் காப்புறுதியில் வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி சம்பளத்தில் 2 விழுக்காடு கட்டுகிறார். வேலையில் நேரும் விபத்துக்கும் நோய்க்குமான காப்பு அது. வேலையால் வந்த இறப்பு என்று பதிவானால் குடும்பத்துக்கு அதில் உரிமை உண்டு. இயற்கை மரணம் என்று பதிவானால் அந்தக் கதவை யாரும் தட்டுவதே இல்லை. நான் அக்காவுக்குச் சொன்ன ‘விதி’ அந்தக் கதவின் மேல் இன்னொரு பூட்டாகிவிட்டது. காகிதத்தை எழுதியவருக்கு அவசரம் இருந்திருக்கலாம். எனக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. அல்லாஹ்வின் பெயரால் சொல்லிவிட்டேன் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆனாலும் ஹாஜியாரின் சொல்லை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ‘ஏன்’ என்று கேட்பது இறைவனின் ஏற்பாட்டைக் குறுக்கு விசாரணை செய்வதா? இந்தக் கேள்வி புதிதில்லை. உமையாக்களின் காலத்தில் தங்கள் அநியாயத்துக்கு இறைவிதியைச் சாக்காகச் சொன்ன ஆட்சியாளர்கள் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதை எதிர்த்த பஸ்ராவின் மஅபத் அல்ஜுஹனி கிட்டத்தட்ட 699இல் கொல்லப்பட்டார். கத்ர் எனும் இறைவிதியையே மறுத்தவர் என்பதால் அவர் கொள்கையை நம் இமாம்கள் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் கேள்வி அவரோடு சாகவில்லை. 936இல் மறைந்த இமாம் அஷ்அரி அதற்கு ‘கஸ்பு’ என்ற சொல்லால் விடை தந்தார். செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைச் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன், ஆகவே பொறுப்பு மனிதனுக்கு. நுட்பம் முழுவதும் எனக்குப் பிடிபட்டது என்று சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது அதில் இருந்தது. நம்பிக்கையாளர்கள் ஆயிரம் வருடமாகப் பொறுப்பை மனிதன் தோளிலிருந்து இறக்கிவிட மறுத்திருக்கிறார்கள்.

அதைவிட எளிய சான்று எங்கள் தெருவிலேயே உண்டு. பத்தாவில் வண்டி மோதினால் போக்குவரத்துப் போலீஸான முரூர் வந்து ‘இறைவன் நாட்டம்’ என்று எழுதிவிட்டுப் போவதில்லை. தவறு இவன் பங்கு 75, அவன் பங்கு 25 என்று விழுக்காடு போட்டுக் கொடுக்கிறார்கள். தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டாலும் இழப்பீடும் பரிகாரமும் உண்டு என்று சூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. ஆயுள் முடிந்ததால்தான் இறந்தார் என்பதை எல்லாரையும்விட உறுதியாகச் சொல்லும் வேதம், அதைச் சொன்ன பிறகும் வண்டி ஓட்டியவரைக் கேட்காமல் விடவில்லை.

பிறகு உமர் அவர்களின் சம்பவம். ஓதப்பள்ளியில் கேட்டதுதான். இங்கே இருந்துகொண்டு மறுபடி படித்தபோது வேறாகத் தெரிந்தது. ஹிஜ்ரி 18 வாக்கில் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய். கலீஃபா உமர் படையோடு போகும் வழியில் ஸர்கு என்ற இடத்தில் செய்தி வருகிறது. ஆலோசித்துவிட்டுத் திரும்பிவிட முடிவெடுக்கிறார். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா கேட்கிறார். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கு என்ற கருத்தில் உமர் பதில் சொல்கிறார். கூடவே ஓர் உவமை சொல்கிறார். உன் ஒட்டகங்களோடு ஒரு வாதியில் இறங்குகிறாய். ஒரு கரை பசுமை, ஒரு கரை வறட்சி. எதில் மேய்த்தாலும் விதிப்படிதானே மேய்க்கிறாய்?

இதை நான் படித்தது பத்தாவில், மூடப்பட்ட ஒரு வாதியின் மேலே, கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு. கரை இரண்டும் அல்லாஹ்வுடையவைதான். ஆனால் மேய்ப்பவன் ஒருவன் இருக்கிறான். வறண்ட கரையில் ஒட்டகத்தை நிறுத்திவைத்தது யார் என்ற கேள்வி உமரின் உவமைக்குள்ளேயே இருக்கிறது. அபூ உபைதா படையோடு நின்று அந்த நோயிலேயே இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய ஈமான் உமருடையதைவிடக் குறைந்ததென்று யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெளிவு தந்தது 1328இல் மறைந்த இப்னு தைமிய்யாவின் ஒரு விளக்கம். ஆதமும் மூஸாவும் வாதாடிய ஹதீஸ் பலருக்கும் தெரியும். எங்களைச் சொர்க்கத்திலிருந்து வெளியேற்றிவிட்டீரே என்று மூஸா குறை சொல்ல, அது முன்பே எழுதப்பட்டது என்று சொல்லி ஆதம் வென்றுவிடுகிறார். அப்படியானால் எந்தக் குற்றவாளியும் இதையே சொல்லலாமே? இல்லை என்கிறார் இப்னு தைமிய்யா. நேர்ந்த துன்பத்துக்கு விதியைச் சொல்லலாம், செய்த குற்றத்துக்குச் சொல்லக் கூடாது.

அன்றுதான் ஹாஜியாருக்கும் எனக்கும் இடையிலிருந்த வேறுபாடு விளங்கியது. ஹாஜியார் தன் மகனுக்காகத் தக்தீர் என்கிறார். இழந்தவர் அவர், பொறுத்தவர் அவர், சொல்லும் உரிமை அவருடையது. நான் அதே சொல்லை இன்னொருத்தியின் இழப்பின் மேல் போட்டேன். எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. அக்கா ஒருநாள் தானாக ‘விதி’ என்று சொன்னால் அது அவருடைய ஸப்ரு, பொறுமை. நான் முந்திக்கொண்டு சொன்னது, அவர் கேள்வியிலிருந்து நான் தப்பித்துக்கொண்டது.

நம் தமிழிலும் இதற்குச் சாட்சி உண்டு. ஊழ்வினை விடாது என்று பதிகத்திலேயே அறிவித்துவிட்டுத் தொடங்கும் காப்பியம் சிலப்பதிகாரம். கோவலன் சாவான் என்பது முன்பே தெரிந்ததுதான். ஆனாலும் கண்ணகி வீட்டில் உட்கார்ந்து விதி என்று அழவில்லை. ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குப் போகிறாள். அரசியின் சிலம்பில் முத்து என்று அரசன் சொல்ல, தன் சிலம்பில் மாணிக்கம் என்று அதை உடைத்துக் காட்டுகிறாள். அதே பதிகம் ஊழுக்குப் பக்கத்திலேயே, அரசியலில் பிழை செய்தவருக்கு அறமே எமனாகும் என்பதையும் சொல்லி வைத்திருக்கிறது. இளங்கோவடிகளுக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. எனக்கு மட்டும் ஏன் மோத வேண்டும்?

கேட்கலாம் என்று ஆனது. எப்படிக் கேட்பது என்பது அடுத்த கஷ்டம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் செய்தி வந்தால் விசாரித்துத் தெளியச் சொல்கிறது. அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனம் சந்தேகத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. ஆறு வசன இடைவெளியில் ஒரு நிருபரின் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. இமாம் நவவி ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் புறம் பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைப் பட்டியலிடுகிறார். அநியாயம் செய்யப்பட்டவன் அதிகாரியிடம் முறையிடுவது முதலாவது. மனு எழுதிக்கொண்டிருந்த இத்தனை வருடமும் நான் அந்த முதல் இடத்தில்தான் நின்றிருக்கிறேன் என்று தெரிந்தபோது ஒரு நிம்மதி வந்தது.

மூன்று வெள்ளிக்கிழமை கேட்டேன். அவரோடு வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். தமிழர் ஒருவர், வங்காளி ஒருவர், நேபாளித் தம்பி ஒருவர். இரண்டு பேர் பெயர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் இகாமா இன்னொருவர் கையில் இருக்கிறது, வேண்டாம் என்பதன் பொருள் எனக்குத் தெரியும். யார் கண்ணால் பார்த்தது, யார் கேட்டுச் சொன்னது என்று ஒவ்வொரு வரியையும் பிரித்து எழுதினேன். ஆய்வேட்டு வழிகாட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சான்றாதாரத்தை இப்படி எழுத எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யனாகப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழியை இமாம் முஸ்லிம் தன் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார். அறிவிப்பாளர் வரிசை இல்லாத செய்தியை எங்கள் ஹஜ்ரத் காதில் வாங்க மாட்டார். அங்கே படித்ததுதான்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவு. இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை, நேரடி வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. அது கூரையில்லாத இடத்துக்கு. அந்தக் கோடவுனுக்குத் தகரக் கூரை இருந்தது. ஆகவே அது வெயில் இல்லை. அன்று வெளியே 44 டிகிரி. உள்ளே எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. காற்றை வெளியே தள்ள இரண்டு பெரிய விசிறிகள் உண்டு. ஒன்று ஒரு மாதமாக ஓடவில்லை என்று நேபாளித் தம்பி சொன்னான், தமிழரும் சொன்னார். அன்று இரண்டு கன்டெய்னர் சரக்கு இறங்கியது. மாலை நாலரைக்கு அவர் உட்கார்ந்தார். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை.

வெப்பத்தால்தான் இறந்தார் என்று நான் எழுதவில்லை. அதற்கு என்னிடம் சான்று இல்லை. அவருக்குச் சர்க்கரை இருந்தது, மாத்திரையை விட்டுவிட்டு இருந்திருக்கலாம். ‘ஏன்’ என்ற தலைப்பின் கீழே, தெரிந்ததை மணி வாரியாக எழுதி, தெரியாதது எங்கே தொடங்குகிறது என்று குறித்தேன். இரண்டு பக்கம் வந்தது. இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் அந்த இரண்டு பக்கமே பயத்தோடு எழுதியவை. வேலை முடிந்து வந்து, எல்லாரும் தூங்கிய பிறகு, ஒளு செய்துகொண்டு எழுதினேன்.

ஹாஜியாரிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “எங்க ஊருணிக்கு அப்ப சுத்துச்சுவர் கிடையாது தம்பி. ஒரு மனு குடுத்திருக்கலாம்” என்றார். வேறெதுவும் சொல்லாமல் இஷாவுக்கு எழுந்து போனார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன் என்றேன். பிறகு தெரிந்ததை வரிசையாகச் சொன்னேன். மெதுவாகச் சொல்லுங்கள், மகள் எழுதிக்கொள்கிறாள் என்றார். கன்டெய்னர் என்றேன், எழுதினாள். தகரக் கூரை என்றேன், எழுதினாள். விசிறி என்றபோது அக்கா குறுக்கிட்டார்.

“அதை யாரு தம்பி சரிபண்ணியிருக்கணும்?”

அது என் பட்டியலில் இரண்டாவது சொல். என் இரண்டு பக்கத்தில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் அக்கா என்றேன். கோசிக்கும் தூதரகத்துக்கும் மனு எழுதத் தேவையான காகிதங்களின் பட்டியலைச் சொன்னேன், அதையும் மகள் எழுதிக்கொண்டாள். அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் நேபாளிகள் நிற்கும் முனைக்குப் போனேன். அந்தத் தம்பி இன்னும் வந்திருக்கவில்லை. ஒரு சுலைமானித் தேநீர் வாங்கிக்கொண்டு, சுலையிலிருந்து பேருந்து வந்து நிற்கும் இடத்தைப் பார்த்தபடி நின்றேன்.